கான்செர்ட்டோவில் சிரிக்கிற இடம்

தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கிற காரோட்டில் ஜெயபாய் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. அண்டி ஆபீஸ் ஜெயபாய் என்றால் பாதிப் பேருக்குத் தெரியும். சர்ச்சில் பியானோ வாசிக்கிற ஜெயபாய் என்றால் மீதிப் பேருக்கும் தெரியும். இப்போது கொஞ்ச நாளாக, 'அந்தச் சிரிக்கிய ஆளுக்க வீட்டுக்காரி' என்று சொன்னால் போதும், குழந்தைகுட்டிகள் வரை கை காட்டிவிடும். இந்த மூன்றாவது பெயர் காதில் விழுந்தால் அவள் விழாத மாதிரி நடந்துவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அண்டி ஆபீஸ் என்பது ஆபீஸ் ஒன்றும் இல்லை, முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கிற ஆலை. இருபத்தெட்டு வருடமாக அவள் அங்கே பருப்பின் தோலை உரித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் கொட்டை உடைக்கிற பக்கம்தான் உட்கார வைத்தார்கள். கொட்டைத் தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் விரல் வெந்து கறுத்துவிடும். கல்யாணமான புதிது, புருஷன் சத்தியதாஸ், கொத்தனார், சிமெண்ட் காயாத கையோடு மேனேஜர் முன்னால் போய் நின்றார். "எனக்க வீட்டுக்காரிக்க கை பியானோ வாசிக்கிய கையாக்கும் சார். அவள உரிக்கிய பக்கம் மாத்தணும்" என்றார். மேனேஜர் சிரித்துவிட்டாராம். சிரித்தாலும் மாற்றிக் கொடுத்தார். அன்றைக்கு ஆலை முழுவதும் அதுதான் பேச்சு. ஜெயபாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோஷமும் அதே அளவுக்கு இருந்தது.

கொத்தனாருக்கும் அண்டி ஆபீஸ்காரிக்கும் பியானோ எங்கேயிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. இந்தப் பக்கத்து சர்ச்சுகளில் ஓடு வேய்கிறவன் வயலின் வாசிப்பான், ரப்பர் பால் வெட்டுகிறவன் நாலு குரலில் ஒரு குரல் பிசகாமல் பாடுவான். அதையெல்லாம் யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. ஜெயபாய் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் பியானோ படித்தாள். சத்தியதாஸ் சர்ச்சில் வயலின் படித்தார். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது ஒரு புத்தகம்.

எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரப் போதகர் விட்டுவிட்டுப் போன இசைப் புத்தகங்கள் சர்ச் அலமாரியில் கிடந்தன. கரையான் தின்று மிச்சம் வைத்ததில் ஒன்று கான்செர்ட்டோ. ஒரு பக்கம் பியானோ ஒற்றையாக இருக்கும், மறுபக்கம் பெரிய வாத்தியக் கூட்டம் இருக்கும், இரண்டும் எதிரும் புதிருமாகப் பேசிக்கொள்ளும், அதுதான் கான்செர்ட்டோ. இந்தப் புத்தகத்தில் கூட்டத்தின் பங்கு முழுவதையும் ஒரே வயலினுக்குள் அடக்கி எழுதியிருந்தார்கள். அட்டை போய்விட்டதால் எழுதியவன் பெயர் தெரியாது. பொய்முடி வைத்துக்கொண்டு ராஜாக்களுக்கு முன்னால் குனிந்து நின்ற காலத்து ஆள் என்று மட்டும் விடுதியின் பாட்டு டீச்சர் சொன்னாள். குனிந்து நின்றவன் பேனாவைக் கையில் எடுத்ததும் என்ன குசும்பு செய்திருக்கிறான் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.

அந்தப் பகுதி, கட்டுத் தப்பிய கோழியைத் துரத்துகிற வேகத்தில் ஓடும். பியானோ கேள்வி கேட்கும், வயலின் பதில் சொல்லும். அந்தப் பதிலையே பியானோ பழிப்புக் காட்டித் திருப்பிச் சொல்லும். ஓடி ஓடி, முடிகிற மாதிரி ஒரு பெரிய சத்தம் போட்டு இரண்டும் சட்டென்று நின்றுவிடும். கேட்கிறவன் அவ்வளவுதான் என்று நினைப்பான். அப்போது பியானோ மட்டும் மெதுவாக, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி, அரைச் சுரம் தள்ளி வேறு சுருதியில் தொடங்கும். குடித்துவிட்டு வந்தவன் பக்கத்து வீட்டு வாசலில் ஏறிச் செருப்பைக் கழற்றுகிற மாதிரிதான். உடனே வயலின் ஓடிவந்து கையைப் பிடித்துச் சொந்த வீட்டுக்கு இழுத்துப் போகும். இதுதான் வேடிக்கை. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் கணக்கு இல்லை. வாசிக்கிற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இப்போது என்று கண்ணால் சொல்லிக்கொண்டுதான் மறுபடி தொடங்க முடியும்.

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காணிக்கை எடுக்கிற நேரத்தில், இதை இரண்டு பேரும் சர்ச்சில் வாசித்தார்கள். காணிக்கைக்கு அங்கே ஒரு முறை உண்டு. பை பெஞ்சு பெஞ்சாகப் போகிறவரை வாத்தியம் ஒலிக்கும். வாத்தியம் நின்றால் பை எடுக்கிறவர்கள் பீடத்துக்கு வர வேண்டும், சபை எழுந்திருக்க வேண்டும், போதகர் ஜெபம் சொல்ல வேண்டும். கான்செர்ட்டோ நின்றது. பைகள் பீடத்துக்கு வந்தன. இருநூற்றைம்பது பேர் எழுந்து நின்றார்கள். போதகர் கையை விரித்து, "கிருபையுள்ள பிதாவே" என்றார். அப்போது பியானோ தப்பான வீட்டுக்குள் காலை வைத்தது. போதகர் கண்ணைத் திறந்தார். சபையில் பாதி உட்கார்ந்தது, பாதி நின்றது. பை எடுக்கிறவர்களில் ஒருவர் காணிக்கை இன்னும் போதவில்லை என்று நினைத்து மறுபடி முதல் பெஞ்சுக்குப் போனார். வயலினைப் பிடித்துக்கொண்டு நின்ற சத்தியதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிகிற சிரிப்பு அவருக்கு. வில் கம்பியில் நிற்கவில்லை. பியானோ தப்பான வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது, ஏனென்றால் ஜெயபாயும் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

சபைக் கமிட்டி கூடியது. செயலாளர் ராஜையா, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். "தேவ சந்நிதியில கோமாளித்தனமா?" என்றார். சத்தியதாஸ் புத்தகத்தை விரித்து, "நாங்க ஒண்ணும் செய்யேல்ல அண்ணே. இதில அப்பிடியாக்கும் எளுதியிருக்கு" என்று அந்த இடத்தைக் காட்டினார். ராஜையா புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஆராய்ந்தார். அதற்குப் பிறகு அந்த கான்செர்ட்டோவைச் சர்ச்சில் வாசிக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். அடுத்த வருடம் சத்தியதாஸும் ஜெயபாயும் அதே சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டார்கள். தீர்மானம் அதற்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் பியானோ கிடையாது. வெகு வருடம் கழித்து, மகள் அனகா நர்ஸ் வேலைக்குப் போய் ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தாள். அதில் கட்டைகள் குறைவு. கான்செர்ட்டோ அடிமட்டத்துக்கு இறங்கும்போது ஜெயபாயின் இடது கை கீபோர்டு தாண்டி மேசையைத்தான் தட்டும். அந்தச் சுரத்தை சத்தியதாஸ் வாயால் "டொம்" என்று போடுவார். வேலை இல்லாத நாளில் சாயங்காலம் இரண்டு பேரும் மூன்றாம் பகுதியை எடுப்பார்கள். நூறு தடவை வாசித்திருப்பார்கள், அதற்கு மேலும் இருக்கும். அந்த நிறுத்தத்தில் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நூறு தடவையும் சத்தியதாஸ் சிரிப்பார். தெரிந்த வேடிக்கைக்கு எப்படி மறுபடி மறுபடி சிரிப்பு வரும் என்று அவள் கேட்டிருக்கிறாள். "பியானோ பாவம், எண்ணைக்காவது திருந்தும்ணு நினைக்கியேன். திருந்தமாட்டேங்குதே பிள்ளே" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வெள்ளறடையில் ஒரு வீட்டு வேலையின்போது சாரத்திலிருந்து இறங்கி, தண்ணீர் வேண்டும் என்று கேட்டு, தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு போனது. கண் திறந்திருக்கும்; யாரைப் பார்க்கிறார், எதைப் பார்க்கிறார் என்று தெரியாது. ஜெயபாய் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், துடைத்தாள். காலையில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அண்டி ஆபீஸ் போவாள், மத்தியானம் ஓடிவந்து கஞ்சி கொடுத்துவிட்டு மறுபடி போவாள். 'நான் யாராக்கும்?' என்று தினமும் கேட்பாள். பதில் இல்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் கஞ்சிப் பாத்திரம் கைதவறி விழுந்தது. சத்தியதாஸ் சிரித்தார். அதே சிரிப்பு, தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிகிறது. ஜெயபாய் தரையில் கிடந்த கஞ்சியில் முட்டி போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். அனகாவுக்குப் போன் செய்து அழுதாள். "அப்பா சிரிச்சாரு மக்கா. சுகமாயிட்டு வருது."

சுகமாகி வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். வாசலில் ஆட்டோ நின்றால் சிரித்தார். அவள் கால் இடறி நெற்றியை உடைத்துக்கொண்டபோது சிரித்தார். போதகர் வந்து தலையில் கை வைத்து ஜெபம் செய்தபோது, முடியும் வரை சிரித்தார். சில நாள் ஒரு காரணமும் இல்லாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். வாயில் சிரிப்பு நிறைந்திருக்கும்போதும் கண் மட்டும் முன்பு போலவே எங்கேயோ இருந்தது. அந்தக் கண்ணைப் பார்க்காமல் இருக்க ஜெயபாய் பழகிக்கொண்டாள்.

பிறகுதான் அஜேஷ் செத்தான். பக்கத்து வீட்டு மோகனனுக்கும் விஜயம்மாவுக்கும் ஒரே மகன். முப்பது வயசு. பாறசாலையில் லாரி இடித்தது. ஆம்புலன்ஸ் வந்து உடலை முற்றத்தில் இறக்கினார்கள். ஊரே கூடியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில்தான். சத்தியதாஸை உள்ளே தள்ளிக்கொண்டு போக ஜெயபாய்க்குத் தோன்றவில்லை, அவளும் மதிலோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். துணியை முகத்திலிருந்து விலக்கினார்கள். ஒரு நொடி யாரும் மூச்சுவிடவில்லை. அந்த நொடியில் சத்தியதாஸ் சிரித்தார். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்க்கப் பார்க்க இன்னும் பலமாகச் சிரித்தார். விஜயம்மா மகனுடைய முகத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஜெயபாயால் சாகிறவரை மறக்க முடியாது.

அனகா லீவு போட்டுக்கொண்டு வந்து, அப்பாவைத் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் பொறுமையான மனுஷன். "இது சிரியல்ல சேச்சி, ரோகமாணு" என்றார், சிரிப்பு இல்லை, நோய் என்று மலையாளத்தில். சிரிப்பையும் அழுகையையும் அடக்குகிற நரம்பு அறுந்துவிட்டது. மனசில் ஒன்றும் இல்லாமலே சிரிப்பு வரும். மாத்திரை இருக்கிறது, சாயங்காலம் ஒன்று கொடுத்தால் பத்து நாளில் நின்றுவிடும் என்றார். ஜெயபாய் மாத்திரையை வாங்கி வந்தாள். அன்றே கொடுத்திருப்பாள். அன்றைக்கு அந்த கீபோர்டைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும்.

மூன்று வருடமாக அதன் மேல் மடித்த துணி கிடந்தது. துணியை எடுத்து வைக்கப் போனவள், கை சும்மா இருக்காமல், மூன்றாம் பகுதியைத் தொடங்கினாள். விரல் தடுமாறியது. அடிமட்டச் சுரத்துக்கு மேசையைத் தட்டினாள், "டொம்" சொல்ல ஆள் இல்லை. ஓடினாள், நின்றாள், தப்பான வீட்டுக்குள் காலை வைத்தாள். நாற்காலியில் இருந்து அந்தச் சிரிப்பு வந்தது.

சரியாக அந்த இடத்தில்தான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மறுநாளும் வாசித்தாள். அதே இடத்தில் சிரித்தார். அதற்கும் மறுநாள் சிரிக்கவில்லை. அன்று காலையில் இருந்தே அவர் முகம் சோர்ந்திருந்தது, தூக்கம் போதவில்லை என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் சிரித்தார். மற்ற சிரிப்பெல்லாம் டாக்டர் சொன்ன நோயாக இருக்கட்டும். இது நோய் இல்லை. அஜேஷின் உடலுக்கும் கஞ்சிப் பாத்திரத்துக்கும் சிரிக்கிறவன் வேறு. பொய்முடி வைத்த ஒருவன் செய்த குசும்பை, நூறு தடவை கேட்ட அதே இடத்தில் பிடித்துக்கொள்கிறவன் வேறு. இவர்தான் சத்தியதாஸ். உள்ளே இருக்கிறார். வெளியே வர அவருக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருக்கிறது. மாத்திரை கொடுத்தால் அதையும் நான்தான் அடைக்கிறேன் என்று நினைத்தாள். மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அனகா கேட்டால், "குடுத்தேன் மக்கா, மெதுவாத்தான் கேக்கும்" என்றாள். மகளிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது.

நாற்பது நாள் இப்படிப் போனது. ஆலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டுக் கீபோர்டு முன்னால் உட்காருவாள். அந்த நாட்களில் ஜெயபாய் நன்றாகச் சாப்பிட்டாள். ஆலையில் யாரோ, 'என்னட்டீ, முகத்தில ஒரு வெளிச்சம்' என்றுகூடக் கேட்டார்கள். ஆசை யாரை விட்டது?

ஆனால் அந்தச் சிரிப்புக்கு மதில் தெரியாதே. ஆலை அரைநாள் விட்ட ஒரு சனிக்கிழமை மத்தியானம் விஜயம்மா வந்தாள். மகன் போனதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் காலெடுத்து வைத்தது அதுதான் முதல். சண்டைக்கு வந்திருந்தால் ஜெயபாய்க்குத் தாங்கியிருக்கும். அவள் சண்டைக்கு வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தாள்.

"ஜெயபாயீ, நான் குற்றம் சொல்ல வந்ததல்ல. அந்த மனுஷன் அறிஞ்சோண்டு செய்யேல்ல, எனக்குத் தெரியும். ஆனா தெவசமும் சாயங்காலம் அந்தச் சிரிப்பு கேக்கும்போ எனக்க மோனை மறுபடியும் முற்றத்தில கொண்டு எறக்குறாங்க. மாத்திரை உண்டுண்ணு அனகா சொன்னா. அது கேக்கல்லியா?"

ஜெயபாய்க்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "குடுக்கல்ல அக்கா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். "நீங்க கேக்கியது அந்தச் சிரிப்பில்ல அக்கா. சாயங்காலம் சிரிக்கியது வேற. பாட்டில ஒரு தமாஷ் உண்டு. அது அவருக்குத் தெரியும். அந்த எடத்தில மட்டும் அவரு அவராக்கும்."

"தமாஷா? பாட்டிலயா?"

"ஆமா அக்கா."

விஜயம்மா படியிலிருந்து எழுந்து உள்ளே வந்து, சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "வாசி. நான் கேக்கட்டு" என்றாள்.

ஜெயபாய் நாற்காலியைத் திருப்பி, எப்போதும் போல சத்தியதாஸைத் தன் வலது பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை போல விரல்களைத் துடைத்துக்கொண்டாள். அடுத்தவர் காதுக்கு முன்னால் நிரூபித்தாக வேண்டும். நிரூபித்துவிட்டால் அவர் இருக்கிறார் என்பது தன் ஒருத்தியின் பைத்தியம் இல்லை என்றாகும். வாசித்தாள். கேள்வியும் பதிலும் இரண்டையும் அவளே வாசித்தாள். ஓடினாள். நின்றாள். தொடங்கினாள்.

சத்தியதாஸ் சிரித்தார்.

"கேட்டியளா அக்கா?" ஜெயபாயின் கண்ணில் தண்ணீர் நின்றது. "சரியா அந்த எடம்."

விஜயம்மாவுக்குச் சங்கீதம் தெரியாது. சுருதி மாறியதோ, தப்பான வீடோ ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. பாட்டு புரியாததால் அவள் பாட்டைக் கேட்கவில்லை. இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணூடெ வாசி" என்றாள். ஜெயபாய் இன்னொரு தடவை வாசித்தாள். சத்தியதாஸ் இன்னொரு தடவை சிரித்தார்.

"ஜெயபாயீ," என்றாள் விஜயம்மா மெதுவாக, "நீ அவிடத்த வரும்போ திரும்பி அவரெ முகத்தப் பாக்கிய."

"பாக்கியேனா?"

"ரெண்டு தடவையும் பாத்த. பாத்த ஒடனயாக்கும் அவரு சிரிச்சாரு."

ஜெயபாய் தன் கையைப் பார்த்தாள். உண்மைதான். நிறுத்தம் வந்தால் தலை தானாகத் திரும்பும். முப்பது வருடப் பழக்கம், கண்ணால் சொல்லாமல் தொடங்க முடியாது. கொட்டாவி விடும்போது வாய் திறப்பதை யார் கவனிக்கிறார்கள்?

"பாக்காம வாசிச்சு நோக்கு" என்றாள் விஜயம்மா. அந்தக் குரலில் பகை இல்லை. அதுதான் கொடுமை. பகை இருந்திருந்தால் ஜெயபாய் எழுந்து போயிருப்பாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். கழுத்து தானாகத் திரும்பப் போனது; பல்லைக் கடித்துக்கொண்டு நேரே வைத்தாள். ஓடினாள், நின்றாள். அந்த நிறுத்தத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினாள். தப்பான வீட்டுக்குள் போனாள். அங்கேயே நின்றாள். பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி தொடங்கினாள், மறுபடி, மறுபடி. நாலு தடவை. நாலு தடவையும் பியானோ தப்பான வாசலில் போய் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் அவள் வாசிக்காமலே திரும்பினாள். ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை, தலையை மட்டும் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள். சத்தியதாஸ் சிரித்தார். தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிந்தது.

அப்போதும் ஒரு நூல் மிச்சம் இருந்தது. பாட்டுக்கு இல்லாவிட்டால் போகட்டும், என் முகத்துக்குச் சிரிக்கிறாரே. என்னைத் தெரிகிறதே. அவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விஜயம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, நாற்காலிக்கு முன்னால் குனிந்து, அழுது வீங்கிய முகத்தை அவர் முகத்துக்கு நேராக வைத்தாள். சத்தியதாஸ் சிரித்தார். அதே அளவு, அதே நீளம். விஜயம்மாவின் கன்னத்தில் எச்சில் தெறித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ஜெயபாய் அவருடைய கண்ணைப் பார்த்தாள். இவ்வளவு நாளாகப் பார்க்காமல் பழகிய கண். அங்கே ஒருவரும் இல்லை. எட்டு மாதம் கழித்து கஞ்சி சிந்திய அன்றும் இல்லை, இந்த நாற்பது நாளிலும் இல்லை. சாரத்திலிருந்து இறங்கித் தண்ணீர் கேட்ட இடத்திலேயே அவர் முடிந்திருந்தார். அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அவளுக்கு இப்போதுதான் வந்தது. மூன்று வருடம் தள்ளி வந்த அழுகைக்கு ஊர் கூடாது, போதகர் வரமாட்டார். விஜயம்மா மட்டும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் திரும்பித் திரும்பி அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள், ஏனென்றால் பார்த்தால் சிரிப்பார்.

"நான் வராம இருந்திருக்கலாம்" என்றாள் விஜயம்மா.

"இல்ல அக்கா" என்றாள் ஜெயபாய்.

ஆறு மணிக்கு அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கி, சத்தியதாஸின் நாக்கில் வைத்து, தம்ளரை உதட்டில் சாய்த்தாள். அப்படி வைக்கும்போது முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. அவர் சிரித்தார். மாத்திரையும் தண்ணீரும் சட்டையில் கொட்டின. ஜெயபாய் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சிரிப்பு முடியும் வரை நின்று கேட்டாள். கேட்பதற்கு அது அப்படியே அவருடைய சிரிப்புதான், எந்த வித்தியாசமும் இல்லை. முடிந்ததும் வாயைத் துடைத்துவிட்டு, வேறு மாத்திரையைப் பிதுக்கி, இந்தத் தடவை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொடுத்தாள். தொண்டையில் கை வைத்து, உள்ளே இறங்கியதா என்று தடவிப் பார்த்தாள். இறங்கியிருந்தது.

டாக்டர் சொன்னது பத்து நாள். எட்டாம் நாளே நின்றுவிட்டது. ஆட்டோ வந்தது, நெற்றிக்கு நேராக ஈ பறந்தது, மோகனன் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "எப்பிடி உண்டு?" என்று கேட்டார். சத்தியதாஸ் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் இப்போது ஆள் தெளிந்திருக்கிறார் என்றார்கள். அழுகையும் நின்றுவிட்டது. வீட்டில் ஜெயபாயின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அனகா போன் செய்தாள். "அப்பா எப்பிடி இருக்காரும்மா?"

"சிரிக்கல்ல மக்கா" என்றாள் ஜெயபாய். "நல்லா இருக்காரு."

"தேங்க் காட்" என்றாள் அனகா. அடுத்த மாதம் லீவு கிடைத்தால் வருகிறேன் என்றும் சொன்னாள். ஜெயபாய் சரி என்றாள். போனை வைத்துவிட்டுக் கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு, நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, இப்போது பார்த்தால் ஒன்றும் ஆகாது என்பதால், அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே ஊட்டத் தொடங்கினாள்.